கல்லுப்பில் வாழும் உயிர் கோலாவதும் தட்டாவதும் எப்படி?

பெருந்துறைப் பக்கம் நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கித் தருகிறேன்: "ஆர்க்கியாவுக்கு பாக்டீரியாவைப் போலப் பெப்டிடோகிளைக்கான் சுவர் கிடையாது. செல் சட்டகம் என்பது யூகேரியோட் செல்களுக்கு மட்டுமே உரியது என்று எங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது. சுவரும் இல்லை, சட்டகமும் இல்லை என்றால் ஆர்க்கியா எல்லாம் உருண்டையாகத்தானே இருக்க வேண்டும்? கோலாகவும் தட்டாகவும் இருப்பது எப்படி?" (துறைக்குப் புதியவர்களுக்கு: ஆர்க்கியா என்பவை பாக்டீரியாவைப் போலக் கரு இல்லாத, ஆனால் வேறு பரம்பரையைச் சேர்ந்த நுண்ணுயிர்கள். யூகேரியோட் என்பது நம்முடையதைப் போலக் கரு உள்ள செல். பெப்டிடோகிளைக்கான் பாக்டீரியாச் சுவரின் கட்டுமானப் பொருள். செல் சட்டகம் என்பது செல்லுக்குள்ளிருந்து உருவத்தைத் தாங்கும் புரத இழைகள்.)

தம்பி, பாதி விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். (வயதில் எவ்வளவு சிறியவரானாலும் 'நீங்கள்' போடாமல் எழுதக் கை வரவில்லை, கோயம்புத்தூர்க்காரன்.) ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளியை யாரும் வட்டமாக வெட்டி விடுவதில்லை. பரப்பைக் குறைத்துக்கொள்ளும் இயல்பால் அது தானாகவே வட்டமாகிறது. செல் சவ்வும் அந்த வகைதான். சும்மா விட்டால் உருண்டைதான். ஆகவே நுண்ணோக்கியில் நீண்ட கோல் ஒன்றையோ சப்பையான தட்டு ஒன்றையோ பார்த்தால், அதை அப்படி நிறுத்தி வைக்க ஏதோ ஒன்று ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

முதலில் குறிப்பேட்டைத் திருத்திவிடுவோம். செல் சட்டகம் யூகேரியோட்டுகளின் தனிச்சொத்து என்பது நான் படித்த காலத்துப் பாடம். 1991-இல் எர்ஃபெய் பி, ஜோ லுட்கென்ஹாஸ் இருவரும் ஈ. கோலை பாக்டீரியாவில் எஃப்.டி.எஸ்.இசட் என்ற புரதம் செல் பிரியும் இடத்தில் வளையமாகக் கூடுவதைக் காட்டினார்கள். 1998-இல் யான் லோவ, லிண்டா ஏமோஸ் இருவரும் அதன் முப்பரிமாண அமைப்பைக் கண்டறிந்தபோது, நம் செல்களின் நுண்குழல்களைக் கட்டும் டியூபுலினும் அதுவும் ஒரே குடும்பம் என்பது ஐயமறத் தெரிந்தது. நம் செல்களில் இழை கட்டும் இன்னொரு புரதமான ஆக்டினுக்கு பாக்டீரியாவில் இருக்கும் உறவான எம்.ஆர்.இ.பி., கோல் உருவத்துக்குக் காரணமானது என்பது 2001-இல் வெளியானது. ஆர்க்கியாவின் கதை இன்னும் பத்தாண்டு பிந்தி, 2011-க்குப் பிறகுதான் சூடு பிடித்தது. உங்கள் ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள். அவருடைய குறிப்பேடு அவருடைய ஆசிரியரிடமிருந்து வந்திருக்கும்.

ஆர்க்கியா என்றதும் எரிமலை, ஆழ்கடல் வெந்நீர் ஊற்று என்று பாடநூல்கள் ஆரம்பித்துவிடுகின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் வீட்டு அடுப்பங்கரையில் கல்லுப்பு ஜாடி இருக்கிறது அல்லவா? வெயிலில் காய்ச்சி எடுத்த உப்பின் படிகங்களுக்குள் சிறைப்பட்ட உவர்நீர்த் துளிகளில் உப்பு விரும்பும் ஆர்க்கியா உயிரோடு இருக்கும். சந்தையில் கருவாடு வாங்கும்போது சில மீனின் மேல் இளஞ்சிவப்பாகத் திட்டு தெரியும். எங்கள் அம்மா அதை ஒதுக்கிவிட்டுத்தான் பேரம் பேசுவார். ஈரோட்டுப் பக்கம் உப்பிட்டு அடுக்கிய ஆட்டுத் தோலில் சிவப்புப் படிந்தால், தோல் மண்டிக்காரர் விலையைக் குறைத்துவிடுவார். இரண்டு இடத்திலும் முதல் சந்தேகம் இந்தக் கூட்டத்தின் மேல்தான் விழ வேண்டும். நிறம் அவற்றின் சவ்வில் இருக்கும் கரோட்டினாய்டு என்ற நிறமிகளால் வருவது.

பல ஆண்டுகளுக்கு முன், ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு, கொஞ்சம் மெக்னீசியம் சல்பேட், கொஞ்சம் ஈஸ்ட் சாறு சேர்த்துக் குடுவையை மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். மூன்று வாரத்தில் ரோஸ்மில்க் நிறம். ஆர்வத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சூடு காட்டி, சாயமிட்டு, வழக்கம்போலக் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். நுண்ணோக்கியில் ஒரு செல்கூட இல்லை. ஊதா நிற அழுக்கு மட்டும் ஒழுங்கில்லாமல் அப்பியிருந்தது. நாம் பெருமைப்படும் சிறுவாணித் தண்ணீர் இந்த உயிருக்கு விஷம். உள்ளே கடலைவிடப் பல மடங்கு செறிவாகப் பொட்டாசியம் குளோரைடை நிரப்பி வைத்திருக்கும் செல் அது. வெளியே நல்ல தண்ணீர் பட்டால் அதை உறிஞ்சி வெடித்துவிடும். கழுவாமல், 2 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நிலைப்படுத்திச் சாயமிட வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதைவிட நல்லது சாயமே இல்லாமல், வளர்ந்த உவர்நீரிலேயே ஒரு துளி எடுத்து மூடுகண்ணாடி போட்டுப் பார்ப்பது.

அப்படிப் பார்த்ததுதான் இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒரே துளியில் கோல்கள், வட்டத் தட்டுகள், முக்கோணம் போன்றவை, எதிலும் சேராத கோணல்மாணல்கள். தட்டு புரண்டு விளிம்பைக் காட்டும்போது மெல்லிய கோடாகிறது. மறுபடி புரண்டால் தட்டு. கோல்களில் சில நேர்கோட்டில் நீந்தின. என் குடுவையில் வளர்ந்தது எந்த இனம் என்று பெயர் வைக்க நான் துணியவில்லை, ஆனால் உங்கள் கேள்வி அன்றைக்கு எனக்கும் வந்தது. (ஒரு மாணவி 'சார், சதுர செல்!' என்று ஓடிவந்தார். உவர்நீரில் சதுரமான ஆர்க்கியா உண்மையிலேயே உண்டு. அந்தோணி வால்ஸ்பி 1980-இல் சினாய் தீபகற்பத்துக் குட்டையிலிருந்து அதை அறிவித்தார். தூய வளர்ப்பாக அது கைக்கு வந்தது 2004-இல்தான். ஆனால் அந்த மாணவி பார்த்தது, மூடுகண்ணாடியின் ஓரம் காய்ந்து உருவான உப்புப் படிகம். நீந்துகிறதா என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.)

இனி சுவர். பெப்டிடோகிளைக்கான் இல்லை என்பது சரி; மேலாடையே இல்லை என்பது சரியில்லை. உப்பு விரும்பும் ஆர்க்கியாவில் சவ்வுக்கு வெளியே எஸ்-அடுக்கு என்று ஒன்று இருக்கிறது. ஒரே வகைச் சர்க்கரைப் புரதம் ஆயிரக்கணக்கில் பக்கம் பக்கமாகக் கோத்து, அறுகோணக் கண்ணிகளாகச் செல் முழுவதையும் போர்த்தியிருக்கும். கயிற்றுக் கட்டிலின் பின்னலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் படுத்தாலும் அறாது. ஆனால் சட்டத்தை உருவிவிட்டால் பின்னல் மட்டும் ஒரு குவியலாகக் கிடக்கும். எஸ்-அடுக்கு கோத்து நிற்க மெக்னீசியம் வேண்டும். மெக்னீசியத்தைப் பிடுங்கிக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. சேர்த்தால் அடுக்கு குலைந்து செல்கள் சட்டென்று உருண்டையாகிவிடும். ஆய்வாளர்கள் இவற்றுக்குள் வெளி டி.என்.ஏ.வைச் செலுத்தக் கையாளும் வழியே அதுதான்.

அப்படியானால் பின்னல்தானே உருவத்தைத் தருகிறது என்று நீங்கள் மடக்கலாம். இங்கேதான் கவனம் வேண்டும். பின்னல் இல்லாமல் உருவம் நிற்காது, உண்மை. ஆனால் கோல் செல்லுக்கும் தட்டு செல்லுக்கும் போர்வை ஒன்றே. ஒரே பின்னல் இரண்டு உருவத்தையும் தாங்குகிறது என்றால், எந்த உருவம் என்று முடிவு செய்வது பின்னலாக இருக்க முடியாது. சட்டத்தைத் தேட வேண்டியது உள்ளே.

இந்தத் தேடலுக்கு வாய்த்த உயிர் ஹாலோஃபெராக்ஸ் வோல்கானியை. சாக்கடலிலிருந்து வந்தது; 1930-களில் அந்தக் கடலில் உயிர் இருக்கிறது என்று காட்டிய பெஞ்சமின் வோல்கானியின் பெயரைத் தாங்கியது. 45 டிகிரி செல்சியஸில் நன்றாக வளரும். அதை வளர்க்கும் வழக்கமான ஊடகத்தில் (சத்துக் கரைசலில்) லிட்டருக்கு 144 கிராம் சோடியம் குளோரைடு போடுவார்கள். கடல்நீரில் எல்லா உப்பும் சேர்ந்தே 35 கிராம்தான். காற்றில் வளரும், சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும், மரபணுவை நீக்கலாம், சேர்க்கலாம். வெந்நீர் ஊற்று உயிர்களிடம் இத்தனை வசதி கிடையாது.

இதன் பழக்கம் ஒன்று நமக்கு மிகவும் பயன்படுகிறது. புதிய ஊடகத்தில் வளரத் தொடங்கும்போது செல்கள் பெரும்பாலும் கோல்களாக இருக்கும். கூட்டம் பெருகப் பெருகத் தட்டுகளாக மாறும். ஊடகத்தில் நுண் உலோகங்கள் இருக்கும் அளவும் இதைப் பாதிக்கிறது. அரைத் திட நிலையில் இருக்கும் அகார் கூழின் நடுவில் ஒரு பொட்டு வைத்தால், செல்கள் நீந்திப் பரவி ஒளிவட்டம் போல விரியும். அதன் முன்விளிம்பில் நீந்திப் போகிறவை கோல்கள். நம் ஊர்க் கட்டடத் தொழிலாளிகள் ஒரு தளம் முடிந்ததும் அதே சாரக் கம்புகளை அவிழ்த்து அடுத்த தளத்துக்கு வேறு மாதிரி கட்டுவார்களே, அது போல ஒரே செல் தன்னை அவிழ்த்துக் கட்டிக்கொள்கிறது. கயிற்றுக் கட்டிலின் சட்டம் என்று மேலே சொன்னதை இப்போது திருத்திக்கொள்ளுங்கள். கட்டில் சட்டம் அடித்தால் அடித்ததுதான்; இங்கே இருப்பது சாரம்.

அந்தச் சாரக் கம்புகளில் ஒன்று செட்இசட்1 என்ற புரதம். இயன் டக்கின், யான் லோவ உள்ளிட்டோரின் குழு 2015-இல் நேச்சர் இதழில் இதை வெளியிட்டது. ஹாலோஃபெராக்ஸில் டியூபுலின் குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் எட்டு இருக்கின்றன. இரண்டு, பாக்டீரியாவில் செல்லைப் பிரிக்கும் அதே எஃப்.டி.எஸ்.இசட் வகை. மற்ற ஆறும் எஃப்.டி.எஸ்.இசட்டும் இல்லை, நம் டியூபுலினும் இல்லை. இரண்டின் சாயலும் கொண்ட தனிக் கிளை. அந்த ஆறுக்கும் செட்இசட் என்று பெயர் வைத்தார்கள்.

செட்இசட்1 மரபணுவை நீக்கினார்கள். செல் சாகவில்லை, பிரிவதிலும் குறை இல்லை. ஆனால் கோலாக மாற வேண்டிய வேளையில் மாறவில்லை. ஒழுங்கற்ற தட்டாகவே இருந்தது. அகார் கூழில் விரிய வேண்டிய ஒளிவட்டம் சுருங்கிப்போனது, அதாவது நீச்சல் கெட்டது. அடுத்து, ஒளிரும் பச்சைப் புரதத்தை செட்இசட்1-இன் வாலில் ஒட்டவைத்துப் பார்த்தபோது, அது செல்லின் விளிம்பையொட்டிப் புள்ளிகளாகவும் இழைகளாகவும் தோன்றியும் நகர்ந்தும் மறைந்தும் கொண்டிருந்தது. நிலையான எலும்புக்கூட்டை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றம்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது சோதனை. இதை நெருங்கிப் பார்த்தால் இந்தக் குடும்பத்துப் புரதங்கள் வேலை செய்யும் முறையே புரிந்துவிடும். டியூபுலின் குடும்பத்து மூலக்கூறு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 நானோமீட்டர் நீளம். அதன் தலையில் ஒரு குழி, அதில் ஜி.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு, மூன்று பாஸ்பேட் கொண்ட வடிவம், வந்து உட்காரும். அப்போது அடுத்த மூலக்கூறு அதன் மேல் வந்து அமர முடியும்; அதற்கு மேல் இன்னொன்று. தூக்குப்போசியில் அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று உட்காருவதுபோல இழை நீளும். ஆனால் மேலே வந்து உட்காரும் மூலக்கூறின் அடியில் டி7 என்ற ஒரு வளைவு நீட்டிக்கொண்டிருக்கிறது. அது கீழே இருப்பதன் குழிக்குள் நுழைந்து, ஜி.டி.பி.யின் ஒரு பாஸ்பேட்டைக் கத்தரிக்க உதவுகிறது. கத்தரித்ததும் பிடி தளர்கிறது. இழை அவிழத் தொடங்குகிறது. சேரும் செயலே பிரிவதற்கான கத்தரியையும் கொண்டுவருகிறது. இந்த ஏற்பாட்டைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம் வரும்.

செட்இசட்1-இன் டி7 வளைவில் 218-ஆவது இடத்தில் குளூட்டமேட் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதை மட்டும் அலனினாக மாற்றினார்கள். கத்தரியின் முனையை மழுக்கிய மாதிரி. செல்லின் உருவம் முரண்டுபோய், விளிம்புகள் கோணலாகி, கோலாக முடியாமல் நின்றது. புரதம் இருக்கிறது, இழையும் சேருகிறது, ஆனால் கோல் இல்லை. அப்படியென்றால் கோல் உருவத்துக்கு வேண்டியது இழை மட்டும் இல்லை; சேர்ந்து அவிழும் அந்த ஓட்டமும் வேண்டும். மேஸ்திரி சாரத்தை அவிழ்க்கவே இல்லையென்றால் வீடு எப்படி எழும்?

கோலாவதால் செல்லுக்கு என்ன லாபம் என்று நீங்கள் கேட்கக்கூடும். நீரில் தட்டு நீந்துவதைவிடக் கோல் நீந்துவது எளிது என்பது ஒரு காரணம். நீந்த உதவும் ஆர்க்கெல்லம் என்ற சுழலும் இழைகள் கோலின் முனைகளில் ஒழுங்காக அமைவதற்கும் செட்இசட்1 வேண்டியிருக்கிறது என்று பிந்திய ஆய்வுகள் காட்டுகின்றன. உருவமும் நீச்சலும் ஒரே புரதத்தின் கையில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

எஃப்.டி.எஸ்.இசட் இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை உருவத்தைவிடப் பிரிவைச் சேர்ந்தவை. 2021-இல் டக்கின் குழு இரண்டையும் தனித்தனியே நீக்கிப் பார்த்தது. எஃப்.டி.எஸ்.இசட்1 நடுவில் வளையத்துக்கு இடம் பிடித்து மற்றதை வரவைத்து நிலைநிறுத்துகிறது, எஃப்.டி.எஸ்.இசட்2 இறுக்கிப் பிரிக்கிறது. இரண்டும் இல்லாவிட்டாலும் செல் சாகாது. பிரிய முடியாமல் அரக்கனாக வளர்ந்து, பிய்ந்து, பிய்ந்த துண்டுகள் பிழைத்துக்கொள்ளும். கெட்டிச் சுவர் இல்லாததன் சலுகை இது.

இதுவரை கோலைப் பற்றித்தான் பேசினோம். தட்டு என்பது கோலாகாமல் மிச்சப்பட்ட நிலை என்றுதான் 2015-க்குப் பின்னும் பலர் நினைத்தோம். நானும் வகுப்பில் அப்படியே சொல்லியிருக்கிறேன். அது தவறு. 2024-இல் ஹெதர் ஷில்லர், மெக்டில்ட் போல்ஷ்ரோடர், அலெக்ஸ் பிஸ்ஸன் ஆகியோரின் குழு, என்ன செய்தாலும் கோலாகவே இருக்கும் விகாரிகளையும் (மரபணு மாறிய செல்களையும்), என்ன செய்தாலும் தட்டாகவே இருக்கும் விகாரிகளையும் பிரித்தெடுத்து, அவற்றின் புரதங்கள் அனைத்தையும் வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் இயல்பான செல்லோடு ஒப்பிட்டது. வயதால் வரும் மாற்றத்தையும் உருவத்தால் வரும் மாற்றத்தையும் பிரித்துப் பார்க்க வேறு வழியில்லை. அந்தச் சல்லடையில் விழுந்தவற்றில் ஆர்.டி.எஃப்.ஏ. என்ற புரதம் இல்லையென்றால் கோல் இல்லை, டி.டி.எஃப்.ஏ. என்ற புரதம் இல்லையென்றால் தட்டு இல்லை. கூடவே ஆக்டின் குடும்பத்துப் புரதம் ஒன்று கிடைத்தது. வோலாக்டின் என்று பெயரிட்டார்கள். தட்டு உருவாவதில் அதற்குப் பங்கு இருக்கிறது. உயிருள்ள செல்லில் அதுவும் சேர்ந்து அவிழ்ந்து சேர்ந்து அவிழ்ந்து கொண்டிருப்பதைப் படம் பிடித்தார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். டியூபுலின் குடும்பத்து செட்இசட்1 கோலுக்கு. ஆக்டின் குடும்பத்து வோலாக்டின் தட்டுக்கு. பாக்டீரியாவிலோ ஆக்டின் உறவினரான எம்.ஆர்.இ.பி. கோலுக்கு, டியூபுலின் உறவினரான எஃப்.டி.எஸ்.இசட் பிரிவுக்கு. நம் செல்லில் டியூபுலின் சரக்குப் பாதை, ஆக்டின் தசைக்கும் நகர்வுக்கும். குடும்பப் பெயரை வைத்து என்ன தொழில் என்று சொல்ல முடியாது. ஒரே குடும்பத்தில் ஒருவர் விசைத்தறி, ஒருவர் கோழிப்பண்ணை, ஒருவர் ரிக் வண்டி என்று இருப்பதை நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தேர்வுத்தாளில் 'டியூபுலின் ஒத்த புரதம், ஆகவே செல் பிரிவுக்கு' என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் உண்டு.

இதே உயிரைப் பற்றி 2025-இல் வெளியான ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. பிஸ்ஸன் குழு ஹாலோஃபெராக்ஸ் செல்களை மெல்லிய கூழுக்கு அடியில் வைத்து மேலிருந்து லேசாக அழுத்தியது. செல்கள் பிரிவதை நிறுத்திப் பெருத்தன. ஒரு கட்டத்தில் அந்தப் பெரிய உடல் உள்ளேயே தடுப்புகள் எழுப்பிப் பல செல்களாகி, திசு போல ஒட்டி நின்றது. ஓரத்தில் ஒரு வகை, நடுவில் ஒரு வகை. அந்தத் தடுப்பு எழும்ப டியூபுலின் குடும்பத்தின் உதவி தேவைப்படவில்லை. சவ்வின் இழுவிசைதான் வேலை செய்தது. ஒரு செல் உயிரி என்று நாம் முத்திரை குத்திவிட்ட ஒன்று, அழுத்தினால் திசுவாகிறது.

உப்பைவிட்டு வெளியே வந்தால் கதை வேறு. வெந்நீர் ஊற்றுகளில் வாழும் பைரோபாக்குலம் காலிடிஃபோன்டிஸ் 90 டிகிரிக்கு மேல் சுகமாக இருக்கும் கோல் உயிரி. அதில் கிரெனாக்டின் என்ற ஆக்டின் உறவினர், செல்லின் நீளத்துக்குச் சுருள் போல ஓடுவதை 2011-இல் தீஸ் எட்டமா, ஆன்-கிறிஸ்டின் லின்டாஸ், ரோல்ஃப் பெர்னான்டர் ஆகியோர் காட்டினார்கள். ஆர்க்கியாவின் அந்தக் கிளையில் கிரெனாக்டின் இருப்பவை எல்லாம் கோலோ ஊசியோ. இல்லாதவை உருண்டைப் பக்கம். 2016-இல் அதன் இழையை நெருங்கிப் பார்த்தபோது, நம் தசையில் இருக்கும் ஆக்டினைப் போலவே இரட்டைப் புரி. ஆனால் மரபணுவை நீக்கிச் சோதிக்கும் வசதி இந்த உயிரில் ஹாலோஃபெராக்ஸ் அளவுக்கு இல்லாததால், இங்கே இருப்பது பொருத்தமான சாட்சியம். செட்இசட்1-க்கு இருப்பதுபோல நேரடி நிரூபணம் என்று எழுதிவிடாதீர்கள்.

கிரெனாக்டின் இல்லாத உருண்டைக்கு எடுத்துக்காட்டு சல்ஃபோலோபஸ். எலுமிச்சைச் சாறுபோல் புளித்த, 75 முதல் 80 டிகிரி வெந்நீரில் வாழ்வது. எஃப்.டி.எஸ்.இசட்டும் கிடையாது. அது பிரிய வேறொரு கருவி வைத்திருக்கிறது: நம் செல்லில் சவ்வைத் துண்டிக்கும் எஸ்கார்ட் என்ற புரதங்களின் உறவுகள், 2008-இல் இரண்டு குழுக்கள் கண்டது. 2020-இல் தெரிந்தது இன்னும் சுவையானது. முதலில் ஒரு வளையம் கட்டப்படுகிறது. பிறகு செல்லின் குப்பை அரைக்கும் எந்திரமான புரோட்டியசோம் அந்த வளையத்தின் ஒரு பகுதியை அரைத்துத் தள்ளுகிறது. அதன் பிறகே மிச்ச வளையம் சுருங்கி செல்லைப் பிரிக்கிறது.

மீத்தேன் உருவாக்கும் ஆர்க்கியாவைப் பற்றிக் கேட்டால் காங்கேயம் காளையின் வயிற்றைக் காட்டலாம். அசைபோடும் எந்த மாட்டின் முதல் இரைப்பையிலும் இருக்கும் மெத்தனோபிரெவிபாக்டருக்குப் போலி மியூரின் என்ற கெட்டியான சுவரே உண்டு. அது பெப்டிடோகிளைக்கான் இல்லை, ஆனால் செய்யும் வேலை ஏறக்குறைய அதேதான். அதாவது 'ஆர்க்கியாவுக்குச் சுவர் இல்லை' என்ற உங்கள் குறிப்பேட்டு வரியையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அதற்கு நேர் எதிர் தெர்மோபிளாஸ்மா. சுவரும் இல்லை, எஸ்-அடுக்கும் இல்லை.

கடைசியாக, இந்தத் துறையில் இப்போது எல்லோரும் பேசும் அஸ்கார்ட் கூட்டம். வட அட்லாண்டிக் ஆழ்கடல் சேற்றின் டி.என்.ஏ.விலிருந்து 2015-இல் லோகி ஆர்க்கியா என்று முதலில் அறியப்பட்டவை. நம் யூகேரியோட் மூதாதைக்கு மிக நெருங்கிய உறவினர்கள் என்று இன்று கருதப்படுபவை. அவற்றின் மரபணுத் தொகுதியில் நம் ஆக்டினுக்கு அச்சு அசலான உறவு இருக்கிறது. ஆக்டினைக் கட்டுப்படுத்தும் புரோஃபிலினும் இருக்கிறது. அந்தப் புரோஃபிலின் பாலூட்டிகளின் ஆக்டினோடு ஒத்துழைப்பதை 2018-இல் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் அதுவரை உயிரைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. ஜப்பானில் ஹிரோயுகி இமாச்சியின் குழு பன்னிரண்டு ஆண்டு பொறுமையாக வளர்த்து, 2020-இல் ஒன்றைக் காட்டியது: அரை மைக்ரோமீட்டர் சிறு உருண்டை, அதிலிருந்து கிளைவிட்டு நீளும் கைகள். 2023-இல் வியன்னாவில் கிறிஸ்டா ஷ்லெப்பர் குழுவும் சூரிக்கில் மார்ட்டின் பில்ஹோஃபர் குழுவும் சேர்ந்து, ஸ்லோவேனியக் கடற்கரைச் சேற்றில் கிடைத்த இன்னொன்றை உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தன. அந்த நீண்ட கைகளுக்குள் ஆக்டின் இழைகள் ஓடிக்கொண்டிருந்தன. கைகளை நீட்டி வைத்திருக்கும் கம்பு அதுதான் என்று நினைக்கிறார்கள். பிறகு 2025-இல், அதே கூட்டத்தின் டியூபுலின்கள் நம்முடையதைவிடச் சின்னதான நுண்குழல்களைக் கட்டுவதும் வெளியானது.

தேர்வுக்கு என்ன எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனால் கேட்பீர்கள். விடைத்தாளைத் திருத்துகிறவர் பழைய குறிப்பேட்டுக்காரராக இருந்தால் 'ஆர்க்கியாவில் செல் சட்டகம் உண்டு' என்ற ஒரு வரி மட்டும் வேலைக்கு ஆகாது. புரதத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். செட்இசட்1, 2015, கோல். வோலாக்டின், 2024, தட்டு. கிரெனாக்டின், 2011, வெந்நீர்க் கோல்கள். அஸ்கார்ட் ஆக்டின், 2023, நீண்ட கைகள். எஸ்-அடுக்கைப் போர்வை என்றும் இவற்றை உள்ளிருந்து உருவத்தைத் தீர்மானிப்பவை என்றும் பிரித்துக் காட்டினால் போதும்.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் வெப்பப் பெட்டி ஒன்று காலியாக இருந்தால் நான் செய்ததைச் செய்து பாருங்கள். சலித்த உப்பு வேண்டாம், கல்லுப்பு. நிறம் வந்த பிறகு அதிலிருந்து புதிய ஊடகத்துக்குக் கொஞ்சம் மாற்றி, இரண்டாம் நாள் ஒரு துளியும் பத்தாம் நாள் ஒரு துளியும் எடுத்து, கோல் எத்தனை, தட்டு எத்தனை என்று இருநூறு செல் வரை எண்ணுங்கள். தகட்டைத் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். சதுரமாக எதையாவது பார்த்தால், ஆசிரியரை அழைக்கும் முன் அது நகர்கிறதா என்று ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.